ஒரு தெருவுக்கு எத்தனை அலுவலகம்?

சென்னை திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலோ பழைய திண்ணை வீடு ஏதாவது மிஞ்சியிருந்தால் அதன் வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள். தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போகும்படிதான் அந்த வீட்டைக் கட்டியிருப்பார்கள். இன்று பல வீடுகளில் தெருவும் திண்ணையும் ஒரே மட்டம். சிலவற்றில் தெருவிலிருந்து உள்ளே இறங்க வேண்டும். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வராமலிருக்க, வாசற்படியில் செங்கல் அடுக்கி முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு எழுப்பி சிமென்ட் பூசியிருப்பார்கள். “ஒவ்வொரு தடவை ரோடு போடறப்பவும் என் வீட்டை அரையடி பூமிக்குள்ள அமுக்கிட்டுப் போறாங்கப்பா” என்றார் அப்படியொரு வீட்டுப் பாட்டி.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே உயரத்துக்குள் புதுத் தார் போட வேண்டும் என்பது இங்கே யாருக்கும் தெரியாத வித்தை இல்லை. ஒப்பந்தக்காரர்கள் மொழியில் அதற்கு ‘மில்லிங்’ என்று பெயர். 2021 மே மாதத்தில், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு இதைக் கட்டாயமாக்கிச் சாலைத் துறைகளுக்கு எழுதினார். பேருந்து ஓடும் பெரிய சாலைகளுக்குச் சுரண்டும் இயந்திரம் வந்துவிடுகிறது. இருபதடித் தெருவுக்குள் அது வருவது ஒப்பந்தக்காரர் மனசையும் உதவிப் பொறியாளரின் கண்ணையும் பொறுத்தது. ஒரு தெருவை மேலும் உயர்த்திவிடாதீர்கள் என்று சொல்லத் தலைமைச் செயலாளரே பேனா எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தெருவுக்கு மற்றபடி சொந்தக்காரர் யாரும் இல்லை என்றுதான் பொருள்.

தார் ஏறினால் வீட்டுக்கு என்ன ஆகும்? சுண்ணாம்புக் காரைச் சுவர் ஓதம் உறிஞ்சும். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை ஒழுக ஆரம்பித்தால், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும். வீட்டுக்கு ஐந்து வாரிசு, இருவர் வெளிநாட்டில். ஒழுகுகிற வீட்டை ஐந்தாகப் பிரிக்க முடியாது. இடித்துக் கட்டினால் ஆளுக்கொரு ஃப்ளாட் கிடைக்கும். புரமோட்டர் வருகிறார். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓதமும் பாகப்பிரிவினையும் சேர்ந்து இடித்த வீடுகள்தான் இந்த ஊரில் அதிகம். புல்டோசர் கடைசியில் வந்து கையெழுத்துப் போடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து வருவது விதி. 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. ஒரு கிரவுண்டு மனையில் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டலாம். வீடு கிடைக்காத நகரத்தில் அது தேவையான முடிவு, நான் எதிர்க்கவில்லை. ஆனால், அதே விதிகள் அடுக்ககத்துக்குக் கார் நிறுத்தும் இடம் கேட்கின்றன. தரைத்தளத்தைத் தூண்களில் நிறுத்திக் காருக்கு விட்டுவிட்டால் அது பரப்புக் கணக்கில் சேராது. எந்தக் கணக்குப் பிள்ளையும் வேறு மாதிரி முடிவெடுக்க மாட்டார். திண்ணை இருந்த இடத்தில் ஷட்டரும் கேட்டும் வந்தன. மனிதர்கள் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த உயரத்தில் இப்போது நம்பர் பிளேட் இருக்கிறது.

அடுத்த தார் அடுக்குக்குப் பயந்து புதுக் கட்டடத்தைத் தெருவைவிட மூன்றடி உயர்த்திக் கட்டுகிறார்கள். அந்த மூன்றடியைக் கார் ஏற வேண்டுமே! சாய்தளம் மனைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மனைக்குள் வைத்தால் ஒரு கார் இடம் போய்விடும். எனவே, சாய்தளம் நடைபாதைக்கு வருகிறது. இந்தியச் சாலைப் பேரவையின் பாதசாரி வழிகாட்டுதல், நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், விளிம்புக் கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது. நம் தெருவில் ஒரு சாய்தளம், அதை ஒட்டி மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், அதன்மேல் சாய்த்துவைத்த பைக், அடுத்த வீட்டுச் சாய்தளம். முழங்கால் வலியுள்ள ஒருவர் நூறடிக்குள் ஏழெட்டு முறை ஏறி இறங்க வேண்டும். அவர் ஏறவும் மாட்டார், இறங்கவும் மாட்டார். தார்ச் சாலையில், தண்ணீர் லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நடப்பார்.

2022-ல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் தமிழ்நாட்டில்தான் பதிவாயின: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சாலையில் செத்த 1.68 லட்சம் பேரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர். காவல் துறை இதை ‘கவனக்குறைவாக வாகனம் ஓட்டுதல்’ என்ற தலைப்பில் பதிந்துகொள்கிறது. நடைபாதையை விழுங்கிய சாய்தளமோ, அதை வரவழைத்த தாரோ, தாருக்குப் பயந்து உயர்ந்த மனையோ அந்தப் பதிவேட்டில் வர வழியில்லை.

இப்படிப் பார்த்தால் வீட்டுவசதி, மரபுப் பாதுகாப்பு, தெருப் பாதுகாப்பு என்று மூன்று கோப்புகளில் நாம் எழுதிக்கொண்டிருப்பது ஒரே விஷயம். அதை முடிவு செய்பவர்கள்தான் வேறு வேறு. கட்டட விதி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் கையில். அதே குழுமத்துக்குள் மரபுக் கட்டடங்களுக்குத் தனிக் குழு. ஏழைகளின் வீடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. பழைய பெயர் குடிசை மாற்று வாரியம். உட்தெருத் தார் மாநகராட்சி. பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறை. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியம். பில்லர் பாக்ஸ் மின்வாரியம். சிக்னல் போக்குவரத்துக் காவல். சென்னை மாநகராட்சியோ 1688-ல் தொடங்கிய, நாட்டிலேயே மூத்த மாநகராட்சி. 1992-ல் நிறைவேறிய 74-வது அரசமைப்புத் திருத்தம், நகரத் திட்டமிடல் தொடங்கிப் பதினெட்டுப் பணிகளை உள்ளாட்சிக்குக் கொடுக்கலாம் என்று பட்டியல் போட்டது. ‘கொடுக்கலாம்’ என்றுதான் போட்டது. மாநில அரசுகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. திமுக, அதிமுக என்று இதில் வேறுபாடு இல்லை.

மரபுக் கட்டடங்களின் கதை இன்னும் விசித்திரம். சென்னையின் 467 மரபு இடங்களின் பட்டியல் எங்கே பிறந்தது தெரியுமா? விளம்பரப் பலகை வழக்கில். எங்கெல்லாம் ராட்சதப் பலகைகள் வைக்கக் கூடாது என்று பார்க்க, உயர் நீதிமன்றம் நீதிபதி இ.பத்மநாபன் தலைமையில் குழு போட்டது. அந்தக் குழு தொகுத்ததுதான் அது. அண்ணா சாலையில் 1897-ல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது, மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போனது. 2010 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. இடிக்கக் கூடாது, மரபுப் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும், அந்தப் பட்டியலைக் காக்க வேண்டும் என்றது. 2012-ல் மரபு ஆணையச் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. பத்தாண்டுக்கும் மேலாக அது நடைமுறைக்கு வராமலே கிடந்தது. நீதிமன்றம் ஒரு கட்டடத்தை இடிக்க விடாமல் தடுக்கலாம். ஒழுகும் கூரையை மாற்ற அதனால் ஆகாது. அண்ணா சாலைக் கட்டடம் தீர்ப்புக்குப் பிறகும் சிதைந்துகொண்டேதான் இருந்தது.

பட்டியலில் இன்னொரு குறை. மாளிகை, கல்லூரி, தேவாலயம், நீதிமன்றம் என்று தனிக் கட்டடங்கள்தான் அதன் கண்ணில் படுகின்றன. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீட்டை அரசு வாங்கிப் புதுப்பித்து 1993-ல் நினைவில்லமாக்கியது, நல்ல காரியம். ஆனால், பாரதி வாழ்ந்தது ஒரு தெருவில். அந்தத் தெருவின் மற்ற வீடுகளுக்கு மகாகவி யாரும் குடிவரவில்லை என்பதால் பாதுகாப்பும் இல்லை. மேதை வாழ்ந்த வீட்டைக் காப்பாற்றி, மேதையை வளர்த்த தெருவை விட்டுவிடுவது நம் அரசுகளுக்குக் கைவந்த கலை.

இங்கே ஒரு கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததா? முடியவில்லை. மாட வீதியின் மரபைப் பேசுகிறவர்கள், யார் அந்த வீதியில் செருப்புப் போட்டு நடக்கலாம் என்று கணக்கு வைத்திருந்த காலத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அந்தத் திண்ணைகளில் இடம் கிடைக்காதவர்கள் கூவத்தின் கரையிலும் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டார்கள். அவர்கள் போட்ட குடிசைக்கும் மரபு உண்டு; மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை. எந்தப் பட்டியலிலும் அது ஏறவில்லை.

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், முதல் பத்தாண்டில் ஒரு நல்ல வழக்கத்தை வைத்திருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்குப் பக்கத்திலேயே, மாடி வீடு கட்டியது. கடற்கரையில் மீனவர்களுக்குக் கடற்கரையிலேயே வீடு. வீடு சின்னது, ஆனால் வேலைக்கு நடந்து போகலாம். பிறகு காற்று மாறியது. 2000-ஐ ஒட்டிக் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்கடுத்துப் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் ஏறக்குறைய 20 ஆயிரம். ஊர் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில், கூவம் கரையின் சத்தியவாணி முத்து நகரைக் காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை தேர்வு எழுத இரண்டு பஸ் மாறி வர வேண்டும் என்பது யார் கோப்பிலும் இல்லை. வீடு கொடுத்தாயிற்று; கோப்பு மூடப்பட்டது.

2022 மே மாதத்தில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகளை இடித்தபோது, ஒரு முதியவர் தீக்குளித்து உயிரை விட்டார். அதற்குப் பிறகுதான் இடிப்பு நின்றது. அங்குள்ளவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மந்தைவெளியில் வீடு தர முடியும் என்றால் அது முந்தைய வாரமே முடிந்திருக்கும். வாரியத்துக்கு நகருக்குள் இடம் இல்லை என்ற பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டும். வாரியத்தின் பழைய குடியிருப்புகளே நகரின் விலை உயர்ந்த இடங்களில் நிற்கின்றன. அவை வயதாகி விழுகின்றன. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு பகுதி அப்படியே சரிந்து 24 வீடுகள் மண்ணாயின. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். இவற்றை இடித்துப் பெரிதாகக் கட்டும் வேலை பல இடங்களில் நடக்கிறது. அங்கே கூடுதல் மாடி எழுப்பி, கால்வாய் ஓரத்துக்காரர்களைப் பக்கத்திலேயே குடிவைப்பதா, இல்லை பெரும்பாக்கத்துக்கு அனுப்புவதா என்ற முடிவை அந்த வார்டின் மன்ற உறுப்பினர் எடுப்பதில்லை. அவருக்குத் தகவல்கூட நாளிதழில்தான்.

தள்ளி அனுப்பப்பட்டவரின் பாதுகாப்பும் தெருக் கணக்கில்தான் வரும். வீட்டு வேலைக்கு மயிலாப்பூர் வரும் பெண், விடிவதற்குள் பஸ் பிடிக்கப் பழைய மகாபலிபுரம் சாலையைக் கடக்க வேண்டும். முன்பு நடந்தே வந்தவர். அவரை எங்கே குடிவைப்பது என்ற முடிவிலேயே அவர் எந்தச் சாலையை, எந்த நேரத்தில் கடப்பார் என்பதும் எழுதப்பட்டுவிட்டது.

நடைபாதைக்கென்று சென்னைக்கு ஒரு நல்ல கொள்கையும் இருக்கிறது. 2014 அக்டோபரில் மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. இந்தியாவில் இப்படி ஏற்ற முதல் நகரம் என்று பேர் வாங்கியது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது அது. அந்த வழியில் வந்தவற்றில் எல்லோரும் பார்த்தது 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார். அகல நடைபாதை, உட்கார பெஞ்சு, மர நிழல். சாயங்காலம் போனால் பாட்டி தாத்தாக்கள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். குழந்தை தாயின் கையை விட்டு ஓடும். நகரத்தில் ஒரு நடைபாதை எப்படி இருக்கலாம் என்று நம் கண்ணுக்குக் காட்டியது அது. என் வாதத்துக்கு இடைஞ்சலான ஓர் உண்மை: அந்தச் சாலை உருவானபோது சென்னையில் மாநகராட்சி மன்றமே இல்லை. 2016-ல் கலைந்த மன்றத்துக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. அதிகாரிகள் தனியாக எடுத்த முடிவுதான் நல்ல நடைபாதையைத் தந்தது. கவுன்சிலர் இருந்திருந்தால் கடைக்காரர்களின் எதிர்ப்பில் அது அப்போதே கைவிடப்பட்டிருக்கலாம் என்று ஓர் அதிகாரி என்னிடம் வாதாடினால், முழுதாக மறுக்க மாட்டேன்.

ஆனால், பாண்டி பஜார் ஒன்றுதானே! ஸ்மார்ட் சிட்டிப் பணத்தில் ஒரு சாலையை அதிகாரி அமைக்கலாம். ஆயிரக்கணக்கான உட்தெருக்களை அப்படி அமைக்க முடியாது. அங்கே ஒவ்வொரு சாய்தளத்துக்குப் பின்னாலும் ஒரு வாக்காளர் இருக்கிறார். அவரோடு பேச அந்த வார்டில் ஓட்டு வாங்கியவர்தான் வேண்டும். பேசுவதற்கு அவர் கையில் அதிகாரமும் வேண்டும், அதுதான் இல்லை. மன்றக் கூட்டத்தில் தெருவிளக்கையும் மழைநீர் வடிகாலையும் பற்றியே கவுன்சிலர்கள் கேட்பதைக் கேலி செய்கிறோம். கேட்க அவர்களுக்கு வேறு என்ன விட்டுவைத்திருக்கிறோம்?

பக்கத்தில் புதுச்சேரியைப் பாருங்கள். தமிழர் பகுதியில் வைசியாள் வீதி என்று ஒரு தெரு. திண்ணையும், அதன் முன்னால் தெருவை நோக்கிய தாழ்வாரமுமாக அமைந்த வீடுகள். ஐரோப்பிய ஒன்றிய உதவியில், இன்டாக்கும் உள்ளாட்சியும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து அந்தத் தெருவின் முகப்புகளை வரிசையாகப் புதுப்பித்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. ஒரு வீட்டுக்கு இல்லை, தெருவுக்கு. வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்தார். செலவில் கை கொடுத்ததால் அவர் புரமோட்டரைத் தேடவில்லை. அதே புதுச்சேரியில், கவனிப்பாரற்ற பழைய மேரி கட்டடம், நகராட்சியின் சொந்தக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததும் நடந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். காப்பாற்றுவதைவிட நகலெடுப்பது அரசுக்குச் சுலபம். டெண்டர் விடலாம்.

சென்னையில் என்ன செய்யலாம்? 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை, 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு இடத்தை வந்து பார்க்காமலே இணையத்தில் உடனே அனுமதி தருகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு அலைச்சலும் கவரும் மிச்சம், வரவேற்கிறேன். அந்த விண்ணப்பத்தில் ஒரே ஒரு படம் கூடுதலாகக் கேட்கலாம்: தெருவின் குறுக்குவெட்டு. தெருவின் நடுவிலிருந்து வாசல் வரை, எந்த உயரத்தில் தார், எங்கே நடைபாதை, சாய்தளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. அடுக்ககத்துக்கும் அதே படம் கட்டாயம். சாய்தளம் மனைக்கு வெளியே ஓர் அங்குலம் வந்தாலும் பணி நிறைவுச் சான்று கிடையாது என்றால் போதும். மின் இணைப்பு அந்தச் சான்றைக் கேட்கும் வகைக் கட்டடங்களில், அதைவிடப் பெரிய ஆயுதம் மாநகராட்சிக்குத் தேவையில்லை. ஒவ்வொரு தெருவின் உயரத்தையும் ஒரு கல்லில் குறித்து வைத்து, அதற்கு மேல் தார் போட்டால் பில் பாஸ் ஆகாது என்று வைத்தால், புதிதாகக் கட்டுபவருக்கு மூன்றடி உயர்த்த வேண்டிய பயமும் இருக்காது.

திண்ணை வீட்டைக் காப்பவருக்குச் சொத்து வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டும். 2022-ல் வரியைக் கூட்டிய மாநகராட்சிக்கு இது பெரிய இழப்பாகாது. கட்டாமல் விட்ட மாடியின் உரிமையை வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்கும் வழி மும்பையில் மரபுக் கட்டடங்களுக்குப் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதை இங்கே எளிதாக்கினால், ஐந்து வாரிசும் வீட்டை இடிக்காமலே பங்கு வாங்கிக்கொள்ளலாம். அந்த விற்பனையில் ஒரு பங்கை அதே வார்டில் வாரியக் குடியிருப்பைப் பெரிதாக்கச் செலவிட வேண்டும் என்பது என் ஆசை. திண்ணையைக் காப்பாற்றும் பணம், திண்ணையில் இடம் கிடைக்காதவரின் வீட்டுக்கும் போகட்டும்.

இவற்றை யார் மேசையில் வைப்பது? 2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் வார்டு குழுவும் பகுதி சபைகளும் அமைந்துவிட்டன. பெரும்பாலும் அங்கே குப்பையும் கொசுவும் பேசிக் கலைகிறார்கள். கட்டட அனுமதிப் பட்டியல், சாலை போடும் பட்டியல், வாரியத்தின் மறுகட்டுமானப் பட்டியல் மூன்றையும் ஒரே தாளில் அச்சடித்து, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட ஒரு சுற்றறிக்கை போதும். சென்னைக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ல் முடிகிறது. அடுத்த திட்டம் 2046 வரைக்குமானது. நில உபயோக வரைபடத்தில் எந்த இடம் மஞ்சள், எந்த இடம் சிவப்பு என்று ரியல் எஸ்டேட்காரர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 200 வார்டு உறுப்பினர்களும் தங்கள் வார்டில் எந்தெந்தத் தெருக்களை முழுதாகக் காக்க வேண்டும், எந்த வாரிய நிலத்தில் எத்தனை வீடு கூட்டலாம், எந்த நடைபாதையைச் சாய்தளத்திடமிருந்து மீட்க வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டு, அந்தத் திட்டத்தோடு இணைக்கச் சொல்லிக் குழுமத்துக்கு அனுப்பலாம். குழுமம் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இன்று சட்டத்தில் இல்லை. மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று நகரமைப்புச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சட்டமன்றத்துக்கு ஒரு பகல் போதும்.